பூட்டிய வாயிலும் பூட்டாத வாயிலும்

கணினியில் அஞ்சல் எழுதியவர் ‘அனுப்பு’ என்றதும், அவருடைய அஞ்சற் செயலி தொலைவிலுள்ள வழங்கிக் கணினியின் எண்ணிட்ட வாயிலொன்றைத் தட்டுகின்றது. அவ்வாறு தொடர்புகொள்ளும் முனைக்குச் ‘சாக்கெட்’ என்று பெயர். 1983ஆம் ஆண்டிற் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பினாலேயே அது பரவலாயிற்று.

சாக்கெட் இரகசியம் காப்பதில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடியே கொண்டு செல்லும். ஆகவே கடவுச்சொல்லும் தபாலட்டையில் எழுதியதுபோல இடைவழியில் நிற்போர் கண்ணிற் பட்டது. இக்குறையை நீக்க, 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறி முறையை வெளியிட்டது. அம்முறையில் அஞ்சல் அனுப்புதற்கென 1997இல் 465ஆம் வாயில் ஒதுக்கப்பட்டது.

ஆயினும், ஒரே பணிக்கு இரு வாயில்கள் வேண்டா என்று நியமம் வகுத்தோர் கருதினர். 1998 முடியுமுன் அவ்வொதுக்கீடு நீங்கிற்று. பழைய வாயிலிலேயே வெளிப்படையாகப் பேசத் தொடங்கி, ‘ஸ்ரார்ட் ரி.எல்.எஸ்.’ என்னும் கட்டளையின் பின் மறைகுறிக்கு மாறும் முறை 1999இல் நியமமாயிற்று. சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் பூட்டுமுன் பேசும் அச்சில சொற்களே கேடாயின. ‘பூட்ட இயலும்’ என்று வழங்கி அறிவிப்பதை இடையில் நிற்பவன் அழித்துவிட்டால், கண்டிப்பற்ற செயலி பூட்டே இல்லையென எண்ணிக் கடவுச்சொல்லை வெளிப்படையாகக் கொடுத்துவிடும். எழுதியவருக்கோ திரையில் வேறுபாடு எதுவும் தோன்றாது.

2018இல் வெளிவந்த 8314ஆம் இலக்க இணைய ஆவணம் பழைய தீர்ப்பை மாற்றியது. முதற்சொல்லுக்கு முன்பே பூட்டுதல் வேண்டும். அஞ்சல் பெற 993, 995 ஆகிய வாயில்கள். அனுப்புதற்கு மீண்டும் 465. பதிவேட்டில் அவ்வெண் இடையே வேறொரு பணிக்கு எழுதப்பட்டிருந்தும், அஞ்சற் சேவையாளர் பலர் அதனை மூடாமலே வைத்திருந்தனர்.