யாரிடம் வாங்குவது? மிக்-21 முதல் எஸ்-400 வரை

ஒரு நாடு தன் படைக்குரிய ஆயுதத்தை யாரிடம் வாங்கலாம் என்பதை வேறொரு நாட்டின் சட்டம் தீர்மானிக்க முடியுமா? 2017 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க அதிபர் கையொப்பமிட்ட 'காட்சா' சட்டம் இக்கேள்வியை எழுப்பியது. ரஷ்யப் பாதுகாப்புத் துறையுடன் பெருமளவில் கொடுக்கல் வாங்கல் செய்வோர் எந்நாட்டினராயினும் அவர்கள்மீது பொருளாதாரத் தடை விதிக்க அதன் 231ஆம் பிரிவு வழிசெய்தது. இந்தியாவுக்கோ இக்கேள்வி புதிதன்று.

1961இல் பாகிஸ்தான் அமெரிக்காவிடமிருந்து ஒலியினும் விரைந்து பறக்கும் எஃப்-104 போர் விமானங்களைப் பெற்றது. அதற்கு ஈடாக இந்தியா சோவியத் ஒன்றியத்தின் மிக்-21ஐ நாடியது. வாஷிங்டனும் லண்டனும் அதனைத் தடுக்க முயன்றன. இந்தியாவுக்கான உதவித்தொகையைக் குறைக்க வேண்டும் என்ற குரல் அமெரிக்க செனட்டில் எழுந்தது. எனினும் 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிவாயிற்று. ரூபாயில் விலை செலுத்தலாம், இந்தியாவிலேயே உற்பத்தி செய்யலாம் என்ற இரு சலுகைகளுக்கு ஈடான எதனையும் மேற்கு நாடுகள் முன்வைக்கவில்லை.

மூன்றாண்டுகளில் அம்முடிவுக்கு வலுச்சேர்க்கும் நிகழ்வு ஒன்று நேர்ந்தது. 1965 போர் மூண்டதும், செப்டம்பர் 8 அன்று அமெரிக்கா இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்குமான ஆயுத வழங்கலை நிறுத்தியது. அமெரிக்கத் தளவாடங்களையே பெரிதும் நம்பியிருந்த பாகிஸ்தானுக்கே பேரிழப்பு. ஆனால் போர்க்காலத்தில் கைவிரிக்கும் விற்பனையாளரை நம்பலாகாது என்னும் பாடத்தை டெல்லியும் கற்றது. அடுத்த சில ஆண்டுகளில் சுகோய்-7 விமானங்களும் சோவியத்திடமிருந்தே வந்தன.

இப்பின்னணியில்தான் 2018 அக்டோபர் 5 அன்று கையெழுத்தான எஸ்-400 ஒப்பந்தத்தை நோக்க வேண்டும். ஐந்து ஏவுகணைத் தொகுதிகள். விலை சுமார் 543 கோடி டாலர். அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான், ரஷ்யாவிடம் சுகோய்-35 விமானங்களும் எஸ்-400 தளவாடங்களும் வாங்கியதற்காகச் சீனப் படைத்துறையின் கொள்முதல் அமைப்பின்மீது காட்சா பாய்ந்திருந்தது. 2020 டிசம்பரில் நேட்டோ உறுப்பினரான துருக்கியும் எஸ்-400க்காகவே தண்டிக்கப்பட்டது. அதற்கு முன்பே எஃப்-35 திட்டத்திலிருந்து அது நீக்கப்பட்டிருந்தது.

இந்தியாமீது தடை விதிக்கப்படவில்லை. முறையான விலக்கும் அறிவிக்கப்படவில்லை. 2022 ஜூலையில் இந்தியாவுக்கு விலக்களிக்கக் கோரும் திருத்தத்தைப் பிரதிநிதிகள் அவை ஏற்றபோதிலும் அது சட்டமாகவில்லை. சட்டத்தின் சொற்கள் மூவருக்கும் ஒன்றே. சீனாவை எதிர்கொள்ள இந்தியா தேவை என்ற கணக்கே வேறுபாட்டை உண்டாக்கியது. சலுகை என்பது கொடுப்பவரின் தேவை தீரும்வரைதான்.

ஆயினும் இதனை வெற்றிக்கதையாக மட்டும் எழுதுதல் பிழை. 2021 டிசம்பரில் தொடங்கிய எஸ்-400 வருகை, மூன்று தொகுதிகளுக்குப்பின் உக்ரைன் போரால் தடைப்பட்டது. வாஷிங்டனின் சட்டம் நிறுத்தாததை மாஸ்கோவின் போர் தாமதப்படுத்தியது.

1963இல் படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பரில் சண்டிகரில் விடைபெற்றது. ஒரு கொள்முதல் முடிவு அறுபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாட்டின் வானைக் காத்தது. உதிரிபாகத்துக்கும் பயிற்சிக்கும் ஒரே திசையை நோக்கவும் வைத்தது. யாரிடம் வாங்குவது என்ற உரிமையை இந்தியா இருமுறை காத்துக்கொண்டது. வாங்காமலிருக்கும் ஆற்றலை ஈட்டுவதே எஞ்சியுள்ள பணி.