உடைமையாளரா, காவலரா?

இயற்கையைப் பேணுதல் வேண்டும் என்னும் குரல் எழும்போதெல்லாம், அதனை வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உளர். உழைப்பவனுக்கு முதலில் வேண்டியது கூலியும் கூரையுமே. காட்டையும் ஆற்றையும் பின்னர் கவனித்துக்கொள்ளலாம் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் எத்துணைப் பிழையானது என்பதை அறிய வேண்டின், மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் போதும்.

மாத்தளைக்குத் தென்கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. தும்பறை மலைகள் என்பது சிங்கள மக்கள் அதற்கு வழங்கும் பெயர். அதன் அதியுயர் சிகரம் 1,906 மீற்றர் உயரமுடையது. அங்கு பிறக்கும் களு கங்கை அம்பன் கங்கையுடன் கூடி மகாவலியை அடைகின்றது. அம்பன் கங்கையை எலகெரவில் மறித்து, அதன் நீரை மின்னேரியாக் குளத்திற்குக் கொண்டு சென்றனர் பண்டைய மன்னர். மாவட்டத்தின் வடமேற்கே தம்புள்ளைப் பக்கத்து நீர் கலா வாவியைச் சேர்கின்றது. மலையில் காடு நின்றால்தான் சமவெளியில் வயல் விளையும் என்பதை இந்நாட்டு உழவன் ஏட்டில் படித்தறியவில்லை; வாய்க்காலில் கண்டறிந்தான்.

அந்த உழவனின் காட்டைச் சட்டத்தின் பெயரால் பறித்தது பிரித்தானிய ஆட்சி. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமனைத்தும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே உரியன என்று விதித்தது. கண்டிக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் மாடு மேய்த்தனர். விறகும் மூலிகையும் எடுத்தனர். சேனைப் பயிர் செய்தனர். ஆனால் அவர்களுட் பெரும்பாலோரிடம் உறுதிப் பத்திரம் ஏது? பத்திரமில்லாதவன் தன் சொந்தக் காட்டிலேயே அத்துமீறியவன் ஆனான்!

பறித்த நிலத்தை அரசு என்ன செய்தது? கோப்பித் தோட்டத் துரைமாருக்கு விற்றது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கும் நிலம் கைமாறிய காலம் அது. சட்டத்தை நடத்திய உத்தியோகத்தர்களே நிலம் வாங்கித் தோட்ட முதலாளிகளாயினர். மலைகள் மொட்டையாயின. காட்டை வெட்டும் வேலையில் சிங்களக் கிராமத்தவர் கூலிக்கு அமர்ந்தனர். கோப்பிப் பழம் பறிக்கவோ தமிழ்நாட்டு ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பசியாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். வெட்டிய கையும் பறித்த கையும் ஏழையின் கைகள்; இலாபத்தை எண்ணிய கை வேறு.

1848 இல் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் விதிக்கப்பட்ட புதிய வரிகள் உடனடிக் காரணமாயின. ஜூலை மாதம் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். புரன் அப்பு முதலியோர் தலைமையில் மக்கள் மாத்தளையை நோக்கிச் சென்றனர். அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. தேசாதிபதி டொறிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தான். ஆகஸ்ட் 8 ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். இவ்வெழுச்சியைச் சூழல் இயக்கம் என்று இன்று நாம் பெயர் சூட்டுவது வரலாற்றுக்கு நியாயஞ் செய்வதாகாது. வரிச்சுமை, பறிபோன நிலம், பழைய அரசுரிமை பற்றிய ஏக்கம் ஆகிய பலவும் அதிற் கலந்திருந்தன. ஆயினும், காட்டை இழந்தவனின் சினமும் அவற்றுள் ஒன்று என்பதை மறுக்கவியலாது.

ஆள்வோருக்கும் ஒருநாள் அச்சம் பிறந்தது. 1869 இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது; சில பத்தாண்டுகளில் அப்பயிரே இலங்கையில் அழிந்தொழிந்தது. இதனிடையே, 1873 இல், இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழியாது காக்குமாறு ஆலோசனை கூறினார். நக்கிள்ஸின் உச்சிக் காடுகள் இன்றும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நன்மையை நன்மையென ஒப்புக்கொள்வோம். ஆனால் அக்காப்பு மேலிருந்து வந்தது. கிராமத்தவனைக் கேட்டு வந்ததன்று. அதற்குக் கீழுள்ள சரிவுகளில் கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

சுதந்திரத்தின் பின்னரும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. நக்கிள்ஸ் காடுகள் ஏலச் செய்கைக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. ஏலம் நிழலில் வளர்வது; ஆகவே பெருமரங்கள் தப்பின. ஆனால் அடிக்காடு துடைக்கப்பட்டது. ஏலம் உலர்த்தும் அடுப்புகளுக்கு விறகு வெட்டப்பட்டது. இளங்கன்று முளைக்காத காடு முதியோர் மட்டுமே வாழும் ஊரைப் போன்றது. 1980களில் இச்செய்கையைத் தடுக்க அரசு முற்பட்டது. 2000 ஆம் ஆண்டில் சுமார் 17,500 ஹெக்டெயர் பரப்பு பேணற் காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமைத் தலத்துள் அதுவும் ஒரு பகுதியாயிற்று.

அதே 2000 ஆம் ஆண்டில், மாத்தளைக்கு வடக்கே அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் மக்கள் பெற்றதொரு வெற்றியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். கலா வாவியிலிருந்து அநுராதபுரத்திற்கு நீர் கொண்டு செல்லும் ஜய கங்கை அவ்வூர் வழியே பாய்கின்றது. அங்குள்ள பொஸ்பேற்றுப் படிவத்தை அகழ்ந்தெடுக்க அமெரிக்காவின் பிறீபோட் மக்மொறான் கொம்பனி சம்பந்தப்பட்ட திட்டமொன்றை அரசு வகுத்தது. நாட்டுக்குப் பல தலைமுறைகள் உரமளிக்கக்கூடிய செல்வம் முப்பது ஆண்டுகளில் தீர்ந்துபோகும். 12,000 பேர் வரை வீட்டையோ நிலத்தையோ இழக்க நேரும் என்ற அச்சம் எழுந்தது. உழவரும் பிக்குவும் அறிஞரும் ஒன்று திரண்டனர். ஊரவர் எழுவர் உயர் நீதிமன்றை நாடினர். முழுமையான ஆய்வும் சூழல் தாக்க மதிப்பீடும் இன்றி ஒப்பந்தஞ் செய்தலாகாது என நீதியரசர் அமரசிங்க தீர்ப்பளித்தார். நாட்டின் இயற்கை வளங்களுக்கு ஆட்சியாளர் உடைமையாளர் அல்லர். மக்களுக்காக அவற்றைக் காக்கும் காவலரே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1840 ஐயும் 2000 ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னையது அரசைக் காட்டின் உடைமையாளனாக்கிற்று. பின்னையது காவலன் என்றது. இவ்விரு சொற்களுக்கிடையே கிடப்பது நூற்றறுபது ஆண்டுப் போராட்டம். இரண்டாவது சொல்லை எந்த அரசும் தானாக விரும்பி உச்சரிக்கவில்லை. மக்கள் நெருக்கியதனாலேயே அது உச்சரிக்கப்பட்டது.

எனினும் கணக்கு இன்னும் தீரவில்லை. காவலன் என்னும் பெயரால் பழைய உடைமையாளனே மீண்டும் வந்து நிற்பதுண்டு. கொம்பனியின் திட்டத்திற்குக் கதவு திறக்கும் கைதான், காட்டோரத்துக் கிராமத்தவன் ஒரு சுமை விறகெடுத்தால் வழக்குப் போடுகின்றது. தோட்டத் தொழிலாளரின் கதையோ இதனினும் துயரமானது. 2023 இல், மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த அதே வழியில் நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் நிலமும் வீடும் முதன்மையானவை. மலையைச் செல்வமாக்கியவனுக்கு அம்மலையில் ஒரு துண்டு நிலமில்லை என்றால், அம்மலையைக் காக்க வா என்று எந்த முகத்துடன் அவனை நாம் அழைப்பது?

ஆதலின் கூலியா, காடா என்னும் கேள்வியே பொய்யான கேள்வி. காட்டை அழித்தவனும் கூலியைக் குறைத்தவனும் ஒருவனே என்று மாத்தளையின் வரலாறு நமக்குக் கூறுகின்றது. நிலவுரிமைக்கான போராட்டமும் இயற்கையைப் பேணும் போராட்டமும் ஒரே மலையில் பிறந்த ஈராறுகள். அவற்றை ஒன்று சேர்க்கும் பணியில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பெரும்பங்கு உண்டு. 1848 ஐப் பாடநூலில் ஒரு தேதியாக மட்டும் கற்பிக்காது, அந்தக் காடு யாருடையது என்ற வினாவையும் வகுப்பறையில் எழுப்புவோமாக. விடையை நம் பிள்ளைகள் தேடிக்கொள்வர்.