இரு தீவுகள், இரு வழிகள்: இலங்கை, சிங்கப்பூர்ப் பொருளாதார வளர்ச்சி – ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஒரு காலத்தில் இலங்கையைப் போல் உயரவேண்டும் என்று சிங்கப்பூர் விரும்பியது. பின்னர்ச் சிங்கப்பூரைப் போல் உயரவேண்டும் என்று இலங்கை விரும்பியது. இவ்வாறான கூற்றினைத் தமிழ் மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. இரண்டும் பிரித்தானியர் ஆட்சியில் இருந்த தீவுகள். இரண்டும் பல்லின மக்கள் வாழும் நாடுகள். இரண்டிலும் தமிழர் சிறுபான்மையினர். ஆதலின் இவ்வொப்பீடு நமக்கு வெறும் புள்ளிவிவரச் செய்தியன்று. மொழிக் கொள்கையும் குடியுரிமைக் கொள்கையும் ஒரு நாட்டின் பொருளாதாரத்தோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

தொடக்க நிலை

உலக வங்கியின் தரவுகளின்படி, 1960ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 430 அமெரிக்க வெள்ளியாகும். இலங்கையினுடையது ஏறத்தாழ 140 வெள்ளியாகும். எனவே அக்காலத்தில் இலங்கை சிங்கப்பூரைவிடச் செல்வமிக்க நாடு என்பது முதலிலேயே திருத்தப்படவேண்டிய கருத்தாகும். சிங்கப்பூர் மறு ஏற்றுமதி வணிகத்தால் வாழ்ந்த துறைமுக நகரம். இலங்கையோ சிற்றூர்களும் தோட்டங்களும் நிறைந்த வேளாண் நாடு. நகரத்தையும் நாட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது.

இலங்கை முன்னின்றது வேறு துறைகளில் ஆகும். 1931இல் அங்கு வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கிட்டியது. 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1946-47ஆம் ஆண்டுகளில் மலேரியா ஒழிப்பினால் இறப்பு வீதம் பெரிதும் குறைந்தது. 1948இல் குருதி சிந்தாமலே விடுதலையும் வந்தது. திரு லீ குவான் இயூ 1956இல் இலண்டன் செல்லும் வழியில் கொழும்புக்குச் சென்றார். அப்போது அவர் கண்டது காமன்வெல்த் நாடுகளுக்கு முன்மாதிரியாகக் கருதப்பட்ட ஒரு நாட்டை. அதே ஆண்டில்தான் அந்நாட்டின் போக்கினை மாற்றிய சட்டமும் நிறைவேறியது.

ஏற்றுமதியும் தொழிலும்

தேயிலை, ரப்பர், தெங்கு ஆகிய மூன்றுமே இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் ஈட்டித் தந்தன. கொரியப் போர்க் காலத்தில் ரப்பர் விலை உயர்ந்தது. 1952இல் சீனாவுடன் ரப்பர்-அரிசி ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை சரிந்தபோது அரிசி மானியத்தைத் தாங்க இயலாத அரசு 1953இல் அதனைக் குறைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் நடந்த ஹர்த்தாலின் விளைவாகப் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. பின்வந்த அரசுகள் மானியத்தில் கைவைக்கத் தயங்கின. அன்னியச் செலாவணி குறையக் குறைய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெருகின. 1970களில் நிலச்சீர்திருத்தச் சட்டங்களின் வழித் தோட்டங்கள் அரசுடைமையாயின.

சிங்கப்பூருக்கோ தோட்டங்களும் இல்லை. உள்நாட்டுச் சந்தையும் இல்லை. 1960இல் ஆல்பர்ட் வின்செமியசின் தலைமையில் ஐக்கிய நாடுகள் குழு வந்தது. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. கோ கெங் சுவீ ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை எழுப்ப முனைந்தபோது அதனை எள்ளி நகையாடியோர் பலர். மலேசியச் சந்தையை நம்பி வகுத்த திட்டங்கள் 1965ஆம் ஆண்டுப் பிரிவினையோடு பொய்த்தன. 1968இல் பிரித்தானியர் தம் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தனர். நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்தது. இந்நெருக்கடியே பன்னாட்டு நிறுவனங்களை வரவேற்கும் கொள்கையை விரைவுபடுத்தியது எனலாம்.

ஆயினும் இதனைத் தடையற்ற சந்தையின் வெற்றி என்று கூறுவது முழு உண்மையாகாது. மத்திய சேம நிதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1966ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தும் சட்டம் ஆகியவை அரசின் வலுவான கரத்தைக் காட்டுகின்றன. 1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டத்தால் தொழிலாளர் தாம் முன்பு பெற்றிருந்த சலுகைகள் சிலவற்றை இழந்தனர். வளர்ச்சிக்கு விலை இருந்தது. அதனைக் கொடுத்தோரும் இருந்தனர்.

மொழியும் குடியுரிமையும்

விடுதலை பெற்ற ஆண்டிலேயே இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டுக்கு அன்னியச் செலாவணி ஈட்டித் தந்த தேயிலையைக் கொய்த கைகள் அவர்களுடையவை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவர்தம் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் முதல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நெடுங்காலம் சென்றது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக நுழைவில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. கல்வி கற்ற தமிழ் இளைஞர்க்கு வேலைவாய்ப்பின் வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

1977இல் தென்னாசியாவிலேயே முதன்முதலாகத் தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட நாடு இலங்கையே. 1978இல் கட்டுநாயக்கத் தடையற்ற வணிக வலயமும் தொடங்கிற்று. பொருளாதாரக் கொள்கை மட்டுமே போதுமெனில் இலங்கை அன்றே எழுந்திருக்கவேண்டும். ஆனால் 1983 ஜூலைக் கலவரமும் 2009 வரை நீடித்த போரும் அவ்வாய்ப்பைத் தின்றுவிட்டன.

சிங்கப்பூர் 1965இல் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கினையும் அதிகாரத்துவ மொழிகளாக உறுதிசெய்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த சி. ராஜரத்தினம் அதன் முதல் வெளியுறவு அமைச்சரானார். 1966இல் தேசிய உறுதிமொழியை வரைந்தவரும் அவரே. எவ்வினத்தார்க்கும் சொந்தமல்லாத ஆங்கிலம் தொழில் மொழியாயிற்று. அதுவே பன்னாட்டு நிறுவனங்களை ஈர்க்கும் மொழியாகவும் பயன்பட்டது.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஆங்கிலக் கல்வி வேலைக்கு வழி என்பதை உணர்ந்த பெற்றோர் தமிழ்வழிப் பள்ளிகளை விட்டகன்றனர். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோரின் விழுக்காடு 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3ஆக இருந்தது, 2020இல் 2.5ஆகக் குறைந்தது. சட்டம் தமிழைக் காத்தது. ஆனால் அது வீட்டில் ஒலிப்பதற்குச் சட்டம் மட்டும் போதவில்லை.

லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமை

சிராங்கூன் சாலையில் ஞாயிறு மாலையில் நடப்போர் இவ்வளர்ச்சியின் மற்றொரு முகத்தைக் காண்பர். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழகத் தொழிலாளரும் வங்காளதேசத் தொழிலாளரும் அங்குக் கூடுகின்றனர். 2013 டிசம்பர் 8ஆம் நாள் தனியார் பேருந்தொன்று மோதித் தமிழகத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து அங்குக் கலவரம் மூண்டது. அந்நிகழ்வே இத்தொழிலாளரை நகரம் முழுதும் திரும்பிப் பார்க்கச் செய்தது.

மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணில் உரிமை இழந்தவர். இவர்களோ வேலை அனுமதியுடன் சில ஆண்டுகளுக்கென வருபவர். இரண்டும் ஒன்றல்ல. எனினும் ஒரு நாட்டின் செல்வத்தைக் கட்டியெழுப்புவோர் அந்நாட்டின் மக்களாக எண்ணப்படாமல் இருப்பது எவ்வாறு என்னும் வினாவை இரு நிலைகளும் நம்முன் வைக்கின்றன.

முடிவுரை

1960இல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்த தனிநபர் வருமான இடைவெளி இன்று இருபது மடங்கினைத் தாண்டியுள்ளது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு ஜூலையில் நாட்டைவிட்டு வெளியேறிய அதிபர் கோத்தாபய ராஜபக்ச தம் பதவி விலகல் கடிதத்தை அனுப்பியது சிங்கப்பூரிலிருந்துதான்.

வலிய தலைவர் ஒருவர் கிடைத்தமையே சிங்கப்பூரின் வெற்றி என்று இவ்வொப்பீட்டினைச் சுருக்கிவிடல் எளிது. நாம் கண்ட சான்றுகள் வேறொன்றைச் சுட்டுகின்றன. யார் இந்நாட்டவர், எவர் மொழிக்கு இடமுண்டு என்னும் வினாக்களுக்கு இரு நாடுகளும் தொடக்கத்திலேயே அளித்த விடைகள் பின்னைய பொருளாதாரத் திட்டங்களின் பயனைப் பெரிதும் முடிவு செய்தன. இலங்கையில் அவ்விடை வளர்ச்சியையே முறித்தது. சிங்கப்பூரில் அது வளர்ச்சிக்குத் துணைநின்றது. ஆனால் அவ்வளர்ச்சி தமிழை வீட்டிலிருந்து மெல்ல நகர்த்திவருகிறது. முன்னதை வரலாறு எழுதிவிட்டது. பின்னது இன்னும் முடிவாகவில்லை. அதன் முடிவில் வகுப்பறையில் நிற்கும் நமக்கும் பங்குண்டு.