பார்க்கிற மருத்துவரும் எழுதுகிற மருத்துவரும்: முன்னாள் படைவீரரின் உடல் பற்றி

1

கரிவலம்வந்தநல்லூரில் எங்கள் தெருவில் பீரங்கிப் படையிலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் இருந்தார். காது கேட்காமல் போனதால் மருத்துவக் காரணம் காட்டி வெளியே அனுப்பப்பட்டவர். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்து, இங்கிலீஷ் படித்த யாரைக் கண்டாலும் வாசிக்கச் சொல்வார். பள்ளி நாட்களில் எனக்கும் அந்த வேலை வாய்த்தது. ஊனம் பணியால் விளைந்ததும் அன்று, பணியால் மிகுந்ததும் அன்று என்பதே அதன் சாரம். அவருக்கு அது மனப்பாடம். ஆனாலும் யாராவது வேறு மாதிரி வாசித்துவிட மாட்டார்களா என்றொரு எதிர்பார்ப்பு.

“சேக்கும்போது கண்ணப் பாத்து, காதப் பாத்து, நெஞ்ச அளந்து, எல்லாம் சரின்னுதானடே எடுத்தாக? அனுப்பும்போது மட்டும் இது ஒங்கூடவே வந்த சீக்குன்னா எப்பிடி?” என்பார்.

யானை வலம் வந்ததாகத் தலபுராணம் சொல்லும் ஊரில் இவர் அலுவலகங்களை வலம் வந்துகொண்டிருந்தார்.

ராணுவ அலுவலக வழக்கில் அந்த ஆங்கில வாசகத்தை முதலெழுத்துகளால் சுருக்கி ‘நானா’ என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது கேள்வியாகவே விழுகிறது. நோய்க்குக் காரணம் நானா? ஆம், நீதான், உன் உடம்பின் அமைப்புதான் என்று பதில் சொல்வதற்காகவே உருவான சொல்லாடல் இது.

2

‘பணியால் விளைந்தது, பணியால் மிகுந்தது’ என்ற பாகுபாடு முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ஓய்வூதிய ஆணைகளில் வேர்கொண்டது. பணிதான் காரணம் என நிரூபிக்கும் சுமை அப்போது சிப்பாயின் தலையில் இருந்தது. இரண்டாம் போரின் நடுவே, 1943-ல், பிரிட்டனில் அந்தச் சுமை அரசின் பக்கம் மாற்றப்பட்டது.

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகள், பணி தொடர்பான ஊனம் குறைந்தது 20 விழுக்காடு இருந்தால் ஊன ஓய்வூதியம் உண்டு என்றன. 1982-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவானவை. சேரும்போது பதிவாகாத குறைபாடு சேர்ந்த பிறகே வந்ததாகக் கொள்ளப்படும்; கோருபவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை; நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. ஆக, எங்கள் பெரியவரின் கேள்வியைச் சட்டமே கேட்டுவைத்திருந்தது. காகிதத்தை எழுதிய கைதான் அதைக் கேட்கவில்லை.

அதோடும் முடியவில்லை. அந்நாளில் மருத்துவ வாரியம் சாதகமாக எழுதினாலும் கோப்பு அன்றைய அலகாபாத்தில் இருந்த ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்த மருத்துவ ஆலோசகர், சிப்பாயை ஒருமுறைகூடப் பார்க்காமல், வாரியத்தின் முடிவை மாற்ற முடிந்தது. மொஹிந்தர் சிங் என்ற முன்னாள் சாப்பரின் வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது. உயர்நிலை மருத்துவ வாரியம் ஆளை மறுபடி பரிசோதிக்காமல், கணக்கு அதிகாரம் மருத்துவக் கருத்தின்மேல் ஏறி உட்கார முடியாது என்றது.

இருபது ஆண்டு கழித்து, 2013-ல், தரம்வீர் சிங் வழக்கு. சிக்னல்ஸ் படைப்பிரிவில் சுமார் 9 ஆண்டு பணியாற்றி, வலிப்பு நோயால் 1994-ல் வெளியேற்றப்பட்டவர். உடலமைப்புக் கோளாறு என்று எழுதிய வாரியம் காரணம் எதுவும் எழுதவில்லை. சேரும்போது குறை எதுவும் பதிவாகவில்லை என்றால், நோய் பணியில் வந்ததல்ல என்று சொல்லும் வாரியமே காரணம் காட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1982-ல் அச்சிலேறிய விதியை நடைமுறைப்படுத்தச் சொல்ல 31 ஆண்டுகள் ஆயின.

3

‘ராணுவ மருத்துவர் ராணுவத்தின் ஆள்; வெளி மருத்துவர் பரிசோதித்தால் நியாயம் கிடைக்கும்’ என்ற வாதம் இங்கே இயல்பாக எழும். அமெரிக்கா அந்த வழியில் போனது. 1996-ல் இயற்றப்பட்ட சட்டம், முன்னாள் படைவீரரின் ஊனப் பரிசோதனையைச் சில மண்டலங்களில் முன்னோட்டமாக ஒப்பந்த மருத்துவர்களிடம் விட அனுமதித்தது. இன்று பெரும்பாலான பரிசோதனைகளை ஒப்பந்த நிறுவனங்களே நடத்துகின்றன. முடித்த பரிசோதனைக்கு இவ்வளவு என்று கூலி. அறிக்கைகளின் தரத்தையும் மருத்துவர்களின் பயிற்சியையும் அரசு சரிவரக் கண்காணிக்கவில்லை என 2018-ல் அந்நாட்டின் தணிக்கை அமைப்பே சொன்னது. சீருடை போய் ரசீது வந்தது. உடம்பைக் கோப்பாக மாற்றும் வேலை மட்டும் மாறவில்லை.

நம் நாட்டிலும் ஒப்பந்த மருத்துவர் உண்டு, வேறொரு அறையில். முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் 2003-ல் தொடங்கியது. அதன் பாலிகிளினிக்குகளில் இருப்பவர்கள் ஒப்பந்த மருத்துவர்கள். பெரியவரின் காதையும் ரத்த அழுத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் பார்ப்பவர் இவர். ஆனால் ஊனத்தின் விழுக்காட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் இவருக்கு இல்லை. அதை எழுதும் வாரியமோ ஆளைப் பார்ப்பது சிறிது நேரம். பார்ப்பவரின் கையில் முத்திரை இல்லை. முத்திரை உள்ளவருக்குப் பார்க்க நேரமில்லை.

மருத்துவப் பார்வை உடலிலிருந்து நோயைப் பிரித்து வாசிக்கிறது என்றார் பூக்கோ. இங்கே அது வரவுசெலவையும் சேர்த்தே வாசிக்கிறது. பதவியையும் வாசிக்கிறது. ஊன ஓய்வூதியத்தோடு ஓய்வுபெறும் அதிகாரிகளின் விகிதம் சிப்பாய்களின் விகிதத்தைவிட மிக அதிகம் என்று 2023-ல் மத்திய தணிக்கைத் துறை காட்டியது. பனியிலும் பாலைவனத்திலும் பெரும்பான்மையாக நிற்பது யார் என்பது தெரிந்ததுதான். விதி இருவருக்கும் ஒன்று. கோப்பை எப்படி எழுத வைக்க வேண்டும் என்ற அறிவு மட்டும் ஒருவரிடம் இருக்கிறது. மற்றவர் அதை வாசித்துக்காட்ட ஆள் தேடுகிறார்.

4

ஓய்வூதியம் கருணைக் கொடை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று நகாரா வழக்கில் 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகளோ, ஊனத்தோடு பணியில் தொடர்ந்து, அதன்பின் ஓய்வுபெறுபவருக்குத் தரும் தொகையை ‘குறைபாட்டு நிவாரணம்’ என்று பெயர் மாற்றின. நிவாரணம் என்பது நம் ஊரில் புயலுக்கும் வறட்சிக்கும் கொடுப்பது. கொடுப்பவன் மனம் இரங்க வேண்டும். வாங்குபவன் வரிசையில் நிற்க வேண்டும். பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. ‘பணியால் விளைந்தது’ என்பதும் வெறும் பெயராக வந்து ஆயிரக்கணக்கான உடல்களின் விதியானதுதான்.

பொய்க் கோரிக்கைகள் வரும், அரசு தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்கலாம். காத்துக்கொள்ளட்டும். அதற்குச் சேர்க்கும் நாளில் நன்றாகப் பரிசோதித்து எழுதிவைப்பதே போதும். அந்த எழுத்தை நம்பித்தானே அவர் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள்?

ஆகவே மருத்துவர் சீருடையில் இருக்கிறாரா, ஒப்பந்தத்தில் இருக்கிறாரா என்பதல்ல முதல் கேள்வி. ஆண்டுக்கணக்கில் உடம்பைப் பார்த்தவரின் குறிப்பு வாரியத்தின் மேசைக்கு வருகிறதா, மறுப்பவர் காரணத்தை எழுதுகிறாரா, அந்தக் காரணம் மறுக்கப்பட்டவருக்குப் புரியும் மொழியில் கிடைக்கிறதா என்பவையே கேள்விகள். கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ராணுவத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருப்பது எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளி, சென்னையில். என்ன சொல்லி மறுத்தார்கள் என்று தெரியாதவர் எதை எதிர்த்து அங்கே போய் நிற்பார்?