மிருக வைத்தியர் பற்றர்சன்

அடிமைத்தளையினின்று தப்பி, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய பிரெடரிக் டக்ளசின் பெயரை, 1901 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிற் பிறந்த ஒரு குழந்தைக்குப் பெற்றோர் சூட்டினர். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே அவ்விருவரும் கயரோகத்துக்கு இரையாயினர். தமக்கை பெசியே பிரெடரிக் பற்றர்சனை வளர்த்து ஆளாக்கினார்.

தெக்சாசு மாநிலத்துப் பிரேரி வியூ கல்லூரியிற் பயின்ற காலத்தில், அங்கு பணியாற்றிய கறுப்பின மிருக வைத்தியர் எட்வேட் எவன்சின் தொண்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தென் மாநிலங்களின் மிருக வைத்தியக் கல்லூரிகளோ கறுப்பின மாணவருக்குக் கதவடைத்திருந்தன. ஆகவே எவன்சு கற்ற அயோவா மாநிலக் கல்லூரியையே பற்றர்சனும் நாடினார். வேலை செய்து பொருளீட்டிப் படித்து, 1923 இல் மிருக வைத்தியரானார்.

1928 இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகிக் கலாசாலையில் ஆசிரியராகி, 1935 இல் அதன் தலைவரானார். தாம் கல்விக்காகக் கடந்த நெடுந்தொலைவைப் பின்வருவோரும் கடக்கவேண்டுமா? அங்கேயே மிருக வைத்தியக் கல்லூரியொன்றை அவர் நிறுவினார். 1945 இல் மாணவர் சேர்ந்தனர்; 1949 இல் முதல் அணியினர் பட்டம் பெற்றனர். அவர்களுள் அல்பிரெடா ஜோன்சன் வெப் என்ற பெண்மணியும் ஒருவர்.

பற்றர்சன் 1988 இற் காலமானார். அமெரிக்கக் கறுப்பின மிருக வைத்தியருட் பெரும்பகுதியினர் இன்றும் அக்கல்லூரியிற் கற்றவர்களே.