பெருவிரல் ரேகையும் சம்மதமும்

எங்கள் வால்பாறையில் நியாய விலைக் கடைக்கு அரிசி வாங்க வரும் மூதாட்டியர் சிலர், வரிசையில் நிற்கும்போதே வலக்கைப் பெருவிரலைச் சேலைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முப்பது, நாற்பது ஆண்டுகள் தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் அவை. இலையின் கறையும் காம்பின் உரசலும் ரேகைகளை மழுங்கச் செய்துவிடுகின்றன. கருவியின் சின்னஞ்சிறு கண்ணாடிமீது விரலை வைக்கிறார்கள். கருவி ஏற்க மறுக்கிறது. துடைத்துவிட்டு மீண்டும் வைக்கிறார்கள். ஒருநாள் இவ்வாறு நான்கு முறை தோற்றுப்போன அம்மையார் ஒருவர் என் பக்கம் திரும்பி, "இது என் கைதானே பாய்? என் கையை என் கையில்லைங்குதே!" என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆயினும் அச்சொல் வீடு வரையில் என்னுடன் வந்தது. அந்த ரேகை அவருடையது என்றால், அதனை எடுத்துச் சேமித்து வைத்திருப்பவர்க்கு அதன்மீது என்ன உரிமை? எடுக்கும்போது அவரைக் கேட்டார்களா? கேட்டிருந்தால், மறுக்கும் நிலையில் அவர் இருந்தாரா? இக்கேள்விகள் இன்று 'தரவுப் பாதுகாப்பு' என்னும் புதுப்பெயரில் பேசப்படுகின்றன. கேள்விகள் புதியன அல்ல. நூறாண்டுகளுக்கும் முன்பே நம்மவர்கள் இவற்றிற்காகச் சிறை சென்றும், உயிர் கொடுத்தும் இருக்கிறார்கள்.

கைரேகையை ஆட்சிக்குரிய அடையாளமாகப் பயன்படுத்தும் வழக்கம் நம் நாட்டிலேயே வேர்கொண்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1858-ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜங்கிபூரில் அதிகாரியாய் இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குக் கல் கொடுக்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத் தாளில் அழுத்தச் செய்தார். பின்னாளில் 'இது என் கையொப்பமன்று' என்று அவர் மறுத்துவிடக் கூடாதே என்னும் எண்ணந்தான் காரணம். ஆக, இவ்வழக்கத்தின் பிறப்பிலேயே ஐயம் இருந்தது. 

ரேகைகளைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது. பல்லாயிரம் தாள்களுக்கிடையே வேண்டிய ஒன்றைத் தேடி எடுக்கவும் வழி வேண்டும். அந்தக் கணக்கை வகுத்தவர்களுள் முதன்மையானவர் காழி அஸீஸுல் ஹக் என்னும் வங்காள முஸ்லிம் இளைஞர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். ரேகைத் தாள்களை 1024 அறைகளில் பிரித்து வைக்கும் முறையை உருவாக்கியதில் அவருக்கும், அவருடன் பணிபுரிந்த ஹேமச்சந்திர போஸுக்கும் பெரும்பங்கு உண்டு. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பெற்றது. ஆனால் அம்முறை உலகெங்கும் அவர்தம் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராலேயே வழங்கலாயிற்று. ஹக் அவர்களுக்குக் கான் பகதூர் பட்டமும் ஐயாயிரம் ரூபாயும் கிடைத்தன. நம்மவர் அறிவு என்று பெருமை கொள்வதா, அவ்வறிவு பின்னர் எதற்குப் பயன்பட்டது என்று வருந்துவதா, எனக்குத் தெரியவில்லை.

பயன்பட்ட விதத்தை மதுரை மாவட்டம் நன்கறியும். 1871-இல் வடநாட்டிற்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்தையும் தழுவிக்கொண்டது. குறித்த சாதியில் பிறந்துவிட்டால் போதும். குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. பெயரைப் பதிந்து, பத்து விரல்களின் ரேகையையும் கொடுக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெற வேண்டும். மக்கள் அதனைக் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்க வந்தபோது, பிரமலைக் கள்ளர் மக்கள் கைகொடுக்க மறுத்தனர். காவற்படை சுட்டது. பத்துப் பேருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாயக்காள் என்னும் பெண்மணியும் அவர்களுள் ஒருவர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று.

அவர்கள் மறுத்தது மையை அன்று. கேளாமல் எடுக்கும் கையைத்தான் மறுத்தார்கள். இந்த வேறுபாடு தென்னாப்பிரிக்காவில் இன்னும் தெளிவாகப் புலப்பட்டது. நம் இல்லங்களில் இவ்வரலாறு போதிய அளவு பேசப்படவில்லை என்பதால் சற்று விரித்துரைக்கிறேன்.

1906 ஆகஸ்டில் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் பெயரைப் பதிந்து, விரல் ரேகைகளைக் கொடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும். காவலர் கேட்கும்போதெல்லாம் அதனைக் காட்ட வேண்டும். சான்றிதழைப் பரிசோதிக்க வீட்டினுள்ளும் காவலர் நுழையலாம் என்றிருந்தது. செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் நாடக அரங்கில் மூவாயிரம் பேர் அளவில் கூடினர். தலைமை தாங்கியவர் அப்துல் கனி என்னும் வணிகர். ஹாஜி ஹபீப் எழுந்து, இச்சட்டத்திற்கு அடிபணிவதில்லை என்று இறைவன்மீது ஆணையிட்டுச் சொன்னார். ஆணை என்பதன் பொறுப்பை எடுத்துக் காந்தியடிகள் விளக்கிய பின்னர், அவையினர் யாவரும் எழுந்து நின்று அவ்வாறே உறுதி செய்தனர். பின்னாளில் சத்தியாக்கிரகம் என்று பெயர் பெற்ற போராட்டம் அன்றுதான் தொடங்கிற்று.

அடுத்து நடந்ததுதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1907-இல் சட்டம் நிறைவேறியது. 1908 ஜனவரியில் காந்தியடிகள் சிறைப்பட்டார். அம்மாத இறுதியில் ஜெனரல் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர் தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டால் கட்டாயச் சட்டத்தை நீக்கிவிடுவதாக அரசு இசைந்தது என்றே காந்தியடிகள் கொண்டார். விரல் கொடுக்காதீர் என்று சொல்லி வந்தவரே, இப்போது விரல் கொடுக்கப் புறப்பட்டார்! பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகம் செல்லும் வழியில் மீர் ஆலம் என்னும் பதான் அவரைத் தடியால் அடித்து வீழ்த்தினார். தடுக்கப் புகுந்த தமிழர் தலைவர் தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. மீர் ஆலமின் சினம் புரியாததன்று. நேற்றுவரை இழிவு என்றது இன்று எப்படி முறையாகும்? கட்டாயத்தின்பேரில் கொடுப்பதும் விருப்பத்தின்பேரில் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதே காந்தியடிகளின் விடை. படுக்கையில் கிடந்தபடியே தம் ரேகையைப் பதிவு செய்ய அவர் வற்புறுத்தினார்.

ஆனால் சட்டம் நீக்கப்படவில்லை. சம்மதத்தைப் பெற்றுக்கொண்டவர், அது எந்த நிபந்தனையின்பேரில் தரப்பட்டதோ அதனைக் கைவிட்டால், கொடுத்தவர் என்ன செய்வது? திரும்பப் பெறுவதுதானே! 1908 ஆகஸ்டு 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் மக்கள் திரண்டனர். பெரியதோர் இரும்புக் கொப்பரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் கொட்டி, எண்ணெய் ஊற்றினர். ஈசப் மியா தீ வைத்தார். மீர் ஆலமும் அங்கு வந்து, அன்று தாம் செய்தது தவறென்று சொல்லித் தம்மிடமிருந்த சான்றிதழையும் கொடுத்தார். தொடர்ந்த போராட்டத்தில் தமிழர்கள் காட்டிய உறுதி பெரிது. சிறைக் குளிரின் கொடுமையால் நோயுற்று 1909 ஜூலையில் இறந்த இளைஞர் நாகப்பன் தமிழர்தாம்.

பள்ளிவாசல் முற்றத்தில் இது நடந்தது தற்செயலாக இருக்கலாம். எனினும், மதரஸாவில் ஓதிய எனக்கு அதில் ஒரு பொருத்தம் தோன்றுகிறது. பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்பது திருக்குர்ஆனின் நூர் அத்தியாயம் இடும் கட்டளை. 'இஸ்தீதான்' என அறிஞர்கள் அதனை வழங்குவர். துருவி ஆராயும் 'தஜஸ்ஸுஸ்' ஹுஜுராத் அத்தியாயத்தில் விலக்கப்பட்டுள்ளது. ஹதீஸ் கலையிலோ, அறிவிப்பாளர்களின் நினைவாற்றல், நாணயம், நடத்தை யாவும் ஏடுகளில் ஏற்றப்பட்டன. பிறர் குறையைப் பேசுதல் புறமன்றோ என்ற கேள்வி அன்றே எழுந்தது. மார்க்கத்தைக் காக்கும் தேவைக்காக, அத்தேவையின் அளவுக்கு மட்டும் அது கூடும் என்று அறிஞர்கள் விடை பகர்ந்தனர். எந்த நோக்கத்திற்குத் தகவல் பெறப்பட்டதோ அந்நோக்கத்தோடு நிற்க வேண்டும் என்பதைப் புதிய சட்டத்தில் படித்தபோது, பழைய பாடம் ஒன்றைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். 1890-களில் ஆனைமலையில் தோட்டங்கள் போடத் தொடங்கியபோது, கங்காணிகள் சமவெளியிலிருந்து ஆட்களை முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். பேரேட்டில் கைநாட்டு வைத்த பின்னர், அதில் எத்தனை ரூபாய் எழுதப்பட்டிருக்கிறது என்பது வைத்தவர்க்குத் தெரியாது. முன்பணம் பெற்றவர் வேலையை விட்டு அகன்றால் தண்டிக்க 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் இருந்தது. 1920-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. இலங்கைத் தோட்டங்களிலோ 'துண்டு' என்றொரு சீட்டு. அதில் கடன் விவரம் இருக்கும். அச்சீட்டின்றித் தொழிலாளி வேறு தோட்டத்திற்குச் செல்ல இயலாது. 1921-இல் அம்முறை நீக்கப்பட்டது. தன்னைப்பற்றிய தாள் தன் கையில் இல்லாமல், படிக்கவும் திருத்தவும் உரிமையில்லாமல் வாழ்வது எத்தகையது என்பதை, எங்கள் லயன் வீடுகளில் பாட்டன்மார் கதையாகவே சொல்லக் கேட்கலாம்.

விடுதலைக்குப் பின் வந்த அரசியல் சட்டத்தில் அந்தரங்க உரிமை என்னும் சொல் இல்லை. 1954-இல் எட்டு நீதிபதிகள் அமர்வும், 1962-இல் ஆறு நீதிபதிகள் அமர்வும் அவ்வுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில்தான் பாதை திரும்பிற்று. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டபோது எழுந்த வழக்கு அது. தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளக் குடிமகனுக்கு உரிமை உண்டென்றும், பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடத் தடையில்லை என்றும் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. பின்னர், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். மறு ஆண்டு ஐவர் அமர்வு, அரசின் உதவிகளுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று பெரும்பான்மையாக முடிவு செய்தது. வங்கிக் கணக்கிற்கும் கைப்பேசிக்கும் அதனைக் கட்டாயப்படுத்தலாகாது என்றது.

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டன. நம் குடும்பத்தினர் அறிய வேண்டுவன இவை: தகவல் கேட்பவர் என்ன எடுக்கிறார், எதற்கு எடுக்கிறார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதனைத் தமிழில் கேட்டுப் பெறவும் வழியுண்டு. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். வைத்திருக்கும் விவரத்தைக் காட்டுமாறும், பிழையைத் திருத்துமாறும், தேவை முடிந்ததை அழிக்குமாறும் கேட்கலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைகள் கைப்பேசியில் எதை அழுத்துகிறார்கள் என்று நாம் பார்ப்பதேயில்லை என்பது வேறு கதை. தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு இருநூற்றைம்பது கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இச்சட்டத்தின் ஆங்கில வாசகம் தனிநபரைப் பெண்பாலால் சுட்டுகிறது என்பதும் ஒரு புதுமை.

ஆனால் அந்தப் பெண்பாலுக்குரிய மூதாட்டியை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். மானியமும் உதவியும் வழங்குவதற்காக அரசு ஏற்கெனவே தன்னிடம் கணினியில் உள்ள விவரங்களைப் பயன்படுத்துமிடத்தில், புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டுவதில்லை என்று அதே சட்டத்தின் ஏழாம் பிரிவு இடமளிக்கிறது. பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் உள்ள உரிமைகளோ, சம்மதத்தின்பேரில் பெற்ற தகவலைச் சார்ந்தே சொல்லப்பட்டுள்ளன. கடையில் துணி வாங்குபவர் கைப்பேசி எண்ணைத் தர மறுத்துவிட்டு வேறு கடைக்குப் போகலாம். அரிசிக்கு வந்தவர் எங்கே போவார்? உதவி உரியவரைச் சேர வேண்டும், போலி அட்டைகள் ஒழிய வேண்டும் என்னும் அரசின் கவலை நியாயமானதே. அதனை நான் மறுக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியடிகளும் பதிவேடே கூடாது என்று சொல்லவில்லை. மறுக்கக்கூடிய நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, பிறகு கேளுங்கள் என்றுதான் சொன்னார். அந்த நிலை எங்கள் மலைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அன்று அந்த அம்மையாருக்குக் கண்ணைப் பார்க்கும் கருவியும் உதவவில்லை, அவருக்குக் கண்புரை. வீட்டில் வேறு யாரேனும் உண்டா என்று கடைக்காரர் கேட்டார். அட்டையில் பெயருள்ள பேரன் திருப்பூரில் வேலை பார்க்கிறானாம். வரிசையும் நீண்டுகொண்டே இருந்தது. கடைசியில் கடைக்காரர் அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்து, எண்ணை எழுதி, கையொப்பமிடச் சொன்னார். அம்மையாருக்கு எழுதத் தெரியாது. மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார்கள். அவர் பெருவிரலைத் தொட்டுத் தாளில் அழுத்திவிட்டு, அரிசிப் பையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.