நுரையீரலில் கேளா ஒலி

பூந்தமல்லியில் மண்பானை வாங்குபவர் அதைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார். பானையின் நிலையை ஒலி சொல்லிவிடும் அன்றோ! 1761-இல் வியன்னா மருத்துவர் லியோப்போல்டு ஔவென்புருக்கர் இதுபோன்ற முறையை மனித மார்புக்குக் கையாண்டார். காற்று நிறைந்த நுரையீரலின்மேல் தட்டினால் ஒலி முழங்கும். நீர் தேங்கிய இடத்தில் மங்கும். செயற்கை மூச்சிலிருந்து நோயாளியை விடுவிக்கவும் இன்று ஒலி துணைபுரிகிறது. அந்த வரலாற்றைக் காண்போம்.

1952-இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்தோரின் மூச்சுப் பாதையில் குழாய் பொருத்திக் காற்றை அழுத்திச் செலுத்தலாம் என்று மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டினார். இயந்திரங்கள் போதவில்லை. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் காற்றுப் பையைக் கையால் அழுத்தினர். பின்னர் அப்பணியை வென்டிலேட்டர் என்னும் கருவி ஏற்றது.

குழாயை எப்போது அகற்றுவது? நாள் கடந்தால் நோய்த்தொற்று சேரும். உதரவிதானம் வேலையின்றி மெலியும். முந்திவிட்டால் நோயாளி திணறுவார். மீண்டும் குழாய் செருக நேர்வது ஆபத்து. ஆகவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நோயாளியைத் தாமே மூச்சுவிடச் செய்து சோதிக்கின்றனர். இதில் தேறியவர்களிலும் சிலர் பின்னர் திணறுவதுண்டு.

காரணம் என்ன? கருவி காற்றை உள்ளே தள்ளும்போது மார்பினுள் அழுத்தம் கூடுகிறது. நோயாளி தாமே மூச்சிழுக்கையில் அழுத்தம் குறைகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மிகுகிறது. இதயம் நலிந்திருந்தால் நுரையீரலில் நீர் கசியும். காற்றறைகள் சில சுருங்கிவிடவும் கூடும்.

இம்மாற்றத்தை எவ்வாறு காண்பது? சென்னைப் பொது மருத்துவமனையில் 1934-இலேயே பார்னார்டு கதிரியக்க நிலையம் அமைந்தது. ஆனால் எக்ஸ் கதிர்ப் படத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிழலாகவே விழும். சி.டி. ஸ்கேன் எடுக்க நோயாளியைக் கருவியோடு வேறு அறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கேளா ஒலிக் கருவியோ கட்டிலருகே வரும். எனினும் தசையும் காற்றும் சந்திக்கும் எல்லையில் அவ்வொலியில் 99 விழுக்காட்டுக்கு மேல் எதிரொலித்துத் திரும்பிவிடும். எனவே நுரையீரலைப் பார்க்க அது உதவாது என்றே நெடுங்காலம் கருதினர்.

சென்னைக்கு ஆவடி போலப் பாரிஸுக்குப் பூலோன் ஒரு புறநகர். அங்குள்ள அம்புருவாஸ் பாரே மருத்துவமனையில் பணியாற்றிய டானியல் லிக்டென்ஸ்டைன், பிறர் பொய்த்தோற்றமெனத் தள்ளியவற்றையே உற்று நோக்கினார். காற்று நிறைந்த நுரையீரல் ஒலியைத் திரும்பத் திரும்ப எதிரொலிப்பதால் திரையில் சம இடைவெளியில் கிடைக்கோடுகள் தோன்றும். நுரையீரலில் நீர் ஊறினால் மேலிருந்து கீழாக வால்மீன் போன்ற கோடுகள் விழும். 1997-இல் இவர் வெளியிட்ட ஆய்வு இக்கோடுகளின் பொருளை விளக்கிற்று. கருவியின் குறை நோயின் குறியாயிற்று!

2012-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இதைக் குழாய் அகற்றும் வினாவுக்குப் பயன்படுத்தினர். மார்பை 12 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்றிழப்புக்கு ஏற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டனர். மொத்தம் 36. சோதனை முடிவில் 13-க்குக் குறைந்தோர் குழாய் அகற்றியபின் திணறும் வாய்ப்பு மிகக் குறைவு. 17-க்கு மேற்பட்டோர்க்கு மிகுதி எனக் கண்டனர்.

மதிப்பெண் மட்டுமே தீர்ப்பாகாது. நினைவுத் தெளிவு, இருமும் வலிமை, இதயத்தின் நிலை, உதரவிதானத்தின் அசைவு ஆகியவற்றையும் மருத்துவர் எடைபோடுகிறார். உதரவிதானத்தின் அசைவையும் இதே கருவியால் காணலாம். வகுப்பில் ஒலித்தடை, எதிரொலிப்பு என்று கரும்பலகையில் எழுதும்போது மாணவர்கள் இதையும் நினைவிற் கொள்ளட்டும். பானையைச் சுண்டிக் கேட்ட மனிதன், தான் கேட்க இயலாத ஒலியைக்கொண்டு மூச்சின் வலிமையையும் அறியக் கற்றுக்கொண்டான்.